வாய் பேசாத நோயாளி

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற மாட்டுப் பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: 'டாக்டராக விரும்பும் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டியது மனித மருத்துவமா? கால்நடை மருத்துவமா?' 'கால்நடை மருத்துவமே' என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்தாலும் அன்பில் குறையாத எதிரணி நண்பர்களே! அடி அண்ணாமலைப் பெரியோர்களே, தாய்மார்களே! மேடைக்கு முன்னாலே மண்ணிலே உட்கார்ந்துகொண்டு, 'இவர் எப்போ முடிப்பார், எப்போ பாட்டு போடுவாங்க' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைச் செல்வங்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். நீங்களும் கைதட்டினீர்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிக்குது. பேராசிரியர் மாட்டு டாக்டர்கிட்டயா ஓடுவார்?" என்று கேட்டார். ஓட மாட்டேன் ஐயா. திருவண்ணாமலையிலே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேதான் ஓடுவேன். ஆனால் அதே ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த ஊரிலே, கன்று போட்ட மாடு ஒன்று எழுந்திருக்க முடியாமல் விழுந்து கிடக்கிறது. அதை உங்கள் இருதய நிபுணரிடம் கொண்டுபோனால் அவர் என்ன கேட்பார்? "எங்கே வலிக்குது?" என்று கேட்பார். மாடு "ம்மா" என்னும். அவர் உடனே சீட்டிலே, 'வலி மாட்டுக்கு இல்லை, அதன் அம்மாவுக்கு' என்று எழுதிவிடுவார்! (சிரிப்பு)

சிரித்துவிட்டீர்கள். என் கட்சியே இங்கேதான் ஆரம்பிக்கிறது. வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதன் கடைசிக் குறளிலே மருத்துவம் என்பது நான்கு கால் உள்ளது என்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவர். அந்த நாலிலே நோயாளியைத்தான் முதலில் வைத்தார். ஏன்? அவன்தான் சொல்லவேண்டும். எப்போ ஆரம்பிச்சது, எங்கே பிடிக்குது, என்ன சாப்பிட்டான், எல்லாம் அவன் வாயிலிருந்து வரவேண்டும். நம்ம ஆளுங்க கேட்காமலே சொல்வார்கள். டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் வயிற்றுவலியில் ஆரம்பித்து மருமகளில் வந்துதான் முடிப்பார்கள். (சிரிப்பு) கால்நடை மருத்துவருக்கு அந்த முதல் காலே கிடையாது. மூன்று காலிலே நின்று வைத்தியம் பார்க்கிறவர் அவர்.

இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டு நான் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அங்கே என்னிடம் தமிழ் இலக்கியம் படித்த பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். படித்தது தமிழ், செய்வது விவசாயம். இரண்டரை ஏக்கர் நிலம், இரண்டு கலப்பினப் பசு. ஒருநாள் காலையிலே மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையிலே இரண்டு காகிதம். ஒன்று பிளஸ் டூ மார்க் பட்டியல். நல்ல மார்க். இன்னொன்று நீட் தேர்வு முடிவு. தேறியிருக்கிறது, ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு இல்லை.

பெற்றோர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் தமிழ்நாட்டிலே 2017 முதல் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் மார்க்தான் கணக்கு. கால்நடை மருத்துவப் படிப்புக்கு அப்படியில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிற 15 சதவீதம் நீங்கலாக, மற்ற இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை. ஆகவே ஒரே பெண், ஒரே வருஷம், ஒரு வாசலிலே 'வாம்மா' என்கிறார்கள், இன்னொரு வாசலிலே 'தனியார் கல்லூரிக்குப் போ, பணத்தோட வா' என்கிறார்கள். எத்தனையோ வீட்டிலே இன்றைக்கு நடக்கிற விஷயம் இது.

அவர் கேட்டார்: "ஐயா, நிலத்தை வித்தா எம்.பி.பி.எஸ். நிலம் நின்னா மாட்டு டாக்டர். நீங்க சொல்றதுதான்." கூட அவருடைய தாயாரும் வந்திருந்தார், எழுபது வயசு. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "மாடு மேய்க்கத்தான் எங்க வூட்டுல ஆள் கீதே. அதுக்கு இன்னாத்துக்கு அஞ்சரை வருஷம் படிப்பு?" என்றது. (சிரிப்பு) 

நான் அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பெண்ணைக் கேட்டேன். "நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

அந்தப் பெண் ஒரு ராத்திரியைப் பற்றிச் சொன்னாள். அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. வீட்டிலே பெரிய பசு கன்று ஈன்றிருக்கிறது. மூன்றாவது ஈத்து. கன்று நல்லபடியாக விழுந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்தது. எல்லோரும் சந்தோஷமாகச் சீம்பால் காய்ச்சிச் சாப்பிட்டிருக்கிறார்கள். மறுநாள் ராத்திரி மாடு படுத்துவிட்டது. தலையைத் தூக்கவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறது. அம்மா அழுகிறார். பாட்டி கண் திருஷ்டி என்கிறார். அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரை அழைத்து வந்திருக்கிறார்.

டாக்டர் வந்தார். இந்தப் பெண்தான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மூக்கு நுனியைப் பார்த்தார். ஈரமில்லை. கழுத்து மடங்கியிருப்பதைப் பார்த்தார். எப்போ கன்று போட்டது என்று ஒரே கேள்வி கேட்டார். பெட்டியைத் திறந்து கால்சியம் பாட்டிலை எடுத்துக் கழுத்து நரம்பிலே மெதுவாக ஏற்றினார். மெதுவாக, ஏனென்றால் வேகமாக ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மாட்டுக்கு உடம்பு நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. அப்புறம் முட்டியை ஊன்றி எழுந்து நின்று கன்றைத் தேடியது!

இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் காய்ச்சலே இருக்காது, உடம்பு சில்லிட்டுப் போகும். கன்று போட்ட மாடு திடீரென்று நிறையப் பால் சுரக்கும்போது ரத்தத்திலிருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்குப் போய்விடுகிறது. தசைக்கு வேலை செய்யச் சத்தில்லை. மாடு சாய்ந்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் போய்விடும். அந்த வீட்டிலே மாதா மாதம் பால் சொசைட்டியிலிருந்து வருகிற பணம்தான் பள்ளிக்கூடச் செலவு, மளிகைக் கடன், பாட்டியின் மாத்திரை எல்லாம். அந்த ராத்திரி டாக்டர் காப்பாற்றியது ஒரு மாட்டையா, ஒரு குடும்பத்தையா? நடுவர் அவர்களே, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். (கைதட்டல்)

அந்தப் பெண் கடைசியாகச் சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "அன்னிக்கு அந்த டாக்டர் மாட்டை ஒண்ணுமே கேக்கலை ஐயா. ஆனா மாடு சொன்ன மாதிரி எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிட்டார். அது எப்படின்னு எனக்குத் தெரியணும்."

நான் அவள் அப்பாவைப் பார்த்து, "நிலத்தை விக்காதே, நாமக்கல்லுக்கு அனுப்பு" என்றேன். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவ்வப்போது போன் பண்ணுவாள். போன மாதம் பண்ணினாள். "ஐயா, சினைப் பரிசோதனை கத்துக்கிட்டேன். கை தோள்பட்டை வரைக்கும் உள்ளே போச்சு." நான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். (சிரிப்பு)

சரி, படிப்புக்கு வருகிறேன். எதிரணியிலே ஒரு தம்பி, கால்நடை மருத்துவம் 'சின்னப் படிப்பு' என்கிற மாதிரி பேசினார். எம்.பி.பி.எஸ். உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து அஞ்சரை வருஷம். பி.வி.எஸ்ஸி. படிப்பும் உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து அஞ்சரை வருஷம். கணக்கு சரியாகப் போச்சா? ஆனால் அந்த அஞ்சரை வருஷத்திலே உங்கள் டாக்டர் படிப்பது எத்தனை பிராணி? ஒன்றே ஒன்று. மனுஷன்! எங்கள் டாக்டருக்கு மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், பூனை, கோழி என்று வரிசையாக நிற்கும். மாட்டுக்கு 280 நாள் சினை, ஆட்டுக்கு 150 நாள், நாய்க்கு இரண்டு மாதம், யானைக்கு 22 மாதம். மனுஷ உடம்புச் சூடு 98.6 டிகிரி. மாட்டுக்கு 101.5 இருந்தால் அது நல்ல உடம்பு. கோழிக்கு 106 டிகிரி இருந்தால் அது சந்தோஷமாகக் கொக்கரித்துக்கொண்டிருக்கும், அதே 106 நமக்கு இருந்தால் உறவுக்காரனுக்கெல்லாம் தந்தி போயிருக்கும்! (சிரிப்பு) நமக்கு வயிறு ஒரே பை. மாட்டுக்கு நான்கு அறை. அதிலே முதல் அறை மட்டும் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும்.

மருந்திலும் இதே கதைதான். தலைவலிக்கு நாம் போட்டுக்கொள்கிற பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். நம் கல்லீரல் அதை முறித்து வெளியேற்றும், பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி போதாது. வீட்டிலே பூனை வளர்க்கிறவர்கள் தயவு செய்து இதை நினைவில் வையுங்கள், 'பாவம், ஜுரமா இருக்கு' என்று அரை மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து எதிரணித் தங்கை ஒருவர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மனித உயிர் பெரிதா, மாட்டு உயிர் பெரிதா?" என்று கேட்டார். நல்ல பேச்சு, நான்கூடக் கை தட்டினேன். ஆனால் அம்மா, அந்தத் தராசே தப்பு. இரண்டும் இரண்டு தட்டிலே இல்லை. ஒரே தட்டிலே இருக்கின்றன.

வெறிநாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெறிநோய் முற்றி, தண்ணீரைக் கண்டு பயப்படுகிற கட்டம் வந்துவிட்டால் உலகத்தில் எந்தப் பெரிய டாக்டராலும் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். கடித்த பிறகு மனிதனுக்கு ஊசி போடுவது உங்கள் டாக்டர். கடிக்காமல் இருக்கும்போதே நாய்க்கு ஊசி போட்டு அந்த நோயை வாசலிலேயே மறிப்பது எங்கள் டாக்டர். இரண்டு பேரும் வேண்டும். ஆனால் முதலில் நிற்பது யார்? மனிதனுக்கு வருகிற தொற்றுநோய்களில் பாதிக்கு மேல் விலங்கிலிருந்து தாவுகிறவை. எலிக்காய்ச்சல், அடைப்பான், பறவைக் காய்ச்சல் எல்லாம் அந்த வழியிலே வருகின்றன. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் பயமுறுத்தியதே நிபா, அது பழந்தின்னி வௌவாலிடம் குடியிருக்கிற கிருமி.

இன்னொரு கதை சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும். மாட்டுக்கு வலி தீர டைக்ளோஃபினாக் என்று ஒரு மருந்து போட்டார்கள். மாட்டுக்கு வலி தீர்ந்தது. அந்த மாடு பின்னால் செத்தபோது அதைப் பிணந்தின்னிக் கழுகு தின்றது. மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் ஆரம்பித்து, சில வகைக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. கழுகு போனதால் ஊருக்கு வெளியே செத்த மாடு கிடந்து அழுகியது. தண்ணீர் கெட்டது. தெருநாய் பெருகியது. வெறிநோய் கூடியது. கழுகு அழிந்த காரணத்தால் 2000 முதல் 2005 வரை நம் நாட்டில் சுமார் ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. மாட்டுக்குப் போட்ட ஊசி, மனிதனைக் கொன்ற கணக்கு! 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். கழுகைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சேர்த்துப் படித்த மனிதன் எவ்வளவு தேவை என்று இப்போது தெரிகிறதா? தங்கச்சி, உங்கள் தராசை எந்தத் தட்டிலே வைப்பீர்கள்? (கைதட்டல்)

சரித்திரத்தைப் பார்த்தாலும் இந்தப் படிப்பு பிறந்ததே பெரிய சாவைப் பார்த்துத்தான். வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. இங்கே முன்வரிசையிலிருக்கும் பெரியவர்கள் சிலர் தலையாட்டுகிறார்கள், அவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு மாட்டுக்கு வந்தால் ஊர்த் தொழுவமே காலி. ஐரோப்பாவிலும் அது வந்து கூட்டம் கூட்டமாக மாடுகளை வாரிக்கொண்டு போனது. அந்த நெருக்கடியிலேதான் 1761-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்திலே கிளாடு பூர்ஷலா என்பவர் உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு வித்திட்டார். அவர் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்த மனிதர். நம் சென்னையிலே, வேப்பேரியில், 1903-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1936-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கொடுத்தது அந்தக் கல்லூரிதான். 1985-இல் நாமக்கல். 1989-இல் நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நம் தமிழ்நாட்டிலே ஆரம்பமானது. பின்னால் திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை என்று கல்லூரிகள் வந்தன.

அந்த வெக்கை நோய் என்ன ஆச்சு? வால்டர் பிளவ்ரைட் என்கிற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் நல்ல தடுப்பூசி ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாகப் போய் ஊசி போட்டார்கள். நம் நாட்டில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995-இல், இதோ நம் பக்கத்திலே, வடாற்காட்டுப் பகுதியிலே. 2011-இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். மனிதகுலம் உலகத்தை விட்டே துரத்தியது இரண்டே நோய். ஒன்று பெரியம்மை. இன்னொன்று இந்த மாட்டு வெக்கை. பெரியம்மைக்குத் தடுப்பூசி எங்கேயிருந்து வந்தது? 1796-இல் எட்வர்டு ஜென்னர் பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்தார். அங்கேயும் மாடுதான் வந்து நிற்கிறது! (கைதட்டல்)

இந்த மண்ணுக்கு வருகிறேன். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று நீங்கள் போற்றுகிற ஊர் இது. மலையைச் சுற்றி வருகிற 14 கிலோமீட்டர் பாதையில் எத்தனை மாடு, எத்தனை நாய், எத்தனை குரங்கு, எத்தனை மயில்! கிரிவலத்துக்கு வருகிறவன் புண்ணியம் தேடி வருகிறான். அன்னதானம் சாப்பிட்டுவிட்டு இலையோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்து வீசிவிட்டுப் போகிறான். சோற்று வாசனைக்கு மாடு அதை விழுங்குகிறது. பை வயிற்றிலேயே தங்கி, மேலும் மேலும் சேர்ந்து, மாடு தின்னாமல் உப்பிக் கிடக்கும். விலாவைக் கிழித்து அத்தனையையும் வெளியே எடுத்துத் தைக்கிறவர் மாட்டு டாக்டர். கிரிவலம் போனவன் புண்ணியத்திலே எனக்குச் சந்தேகம் உண்டு. தைத்தவர் புண்ணியத்திலே சந்தேகமில்லை.

இந்த மலையடியிலேதான் ரமணாசிரமம் இருக்கிறது. 1926-இல் கன்றுக்குட்டியாக அங்கே வந்த பசு லட்சுமி. 1948 ஜூன் 18-ஆம் தேதி அது உயிர் விட்டது. அன்றைக்கு பகவான் ரமணர் அதன் பக்கத்திலே உட்கார்ந்து தலையிலே கைவைத்துக்கொண்டிருந்தார். அதற்குச் சமாதி எழுப்பி, அது முக்தி அடைந்தது என்று தாமே வெண்பாவும் எழுதினார். அந்தச் சமாதிக்குப் பக்கத்திலேயே மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும் சமாதி இருக்கிறது. போனால் பாருங்கள். 2018 மார்ச்சிலே அண்ணாமலையார் கோயில் யானை ருக்கு இறந்தபோது இந்த ஊரே வந்து அழுதது. இப்படிப்பட்ட ஊரிலே உட்கார்ந்துகொண்டு 'மாட்டு டாக்டர்' என்கிற வார்த்தையை இளப்பமாகச் சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

யானை என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1929-இல் பிறந்து 2002-இல் மறைந்தவர். டாப்ஸ்லிப், முதுமலைக் காடுகளிலே யானைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். காட்டிலே ஒரு யானை செத்துக் கிடந்தால் புதைத்துவிட்டுப் போவதுதான் வழக்கமாக இருந்தது. அவர் விடமாட்டார். அழுகிக் கிடந்தாலும் அறுத்துப் பார்த்து, ஏன் செத்தது, தந்தத்துக்காகக் கொன்றார்களா என்று கண்டுபிடித்து எழுதிவைப்பார். ஜெயமோகன் எழுதிய 'யானை டாக்டர்' கதை அவரைப் பற்றியதுதான். அவரை யாராவது 'இவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கலை போல' என்று சொல்வார்களா?

எதிரணிக்கு நான் ஒன்றும் கொடுக்காமல் போகக்கூடாது. கொடுத்துவிட்டே போகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலே பட்டம் வாங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த வேதனையிலே பிறந்ததுதான் 1954-இல் அடையாறிலே வந்த புற்றுநோய் மருத்துவமனை. உங்கள் பிள்ளை மனசிலே அப்படி ஒரு காரணம் இருந்தால், மனுஷனோடு பேசி, அவன் பயத்தைக் கேட்டு, கையைப் பிடித்து வைத்தியம் பார்க்கவேண்டும் என்கிற ஆசை இருந்தால், தாராளமாக எம்.பி.பி.எஸ். அனுப்புங்கள். நானே வந்து வழியனுப்புகிறேன். வருமானத்தையும் விட்டுக்கொடுக்கிறேன். பெரிய ஊரிலே பெரிய ஆஸ்பத்திரி நடத்துகிற நிபுணருக்கு வருகிற பணம் கிராமத்துக் கால்நடை மருத்துவருக்கு வராது. உதை வாங்கவேண்டியிருக்கும். மழையிலே, இருட்டிலே, சேற்றிலே முழங்கால் போட்டு உட்காரவேண்டியிருக்கும். இதையெல்லாம் மறைத்து யாரையும் இந்தப் படிப்பிலே சேர்க்கக்கூடாது. அதே சமயம், தமிழ்நாட்டிலே 2019 கணக்கெடுப்பின்படி 12 கோடிக் கோழி, ஏறக்குறைய 95 லட்சம் மாடு. கோழியிலே நாட்டிலேயே முதலிடம். நாமக்கல் முட்டை நாட்டுக்கே போகிறது. கால்நடைத்துறை, ஆவின், கோழிப்பண்ணை, ஆராய்ச்சி, பட்டணத்திலே நாய் பூனைக்கு ஆஸ்பத்திரி என்று இடம் இருக்கிறது. பட்டினி கிடக்கமாட்டார்கள்.

எனக்கு வருத்தம் வேறு ஓர் இடத்திலே. வருஷா வருஷம் ஒரு கூத்து நடக்கிறது. மார்க் இருக்கிறது என்று கால்நடை மருத்துவத்திலே ஒரு பிள்ளை சேரும். ஆசை எல்லாம் அந்தப் பக்கம். எம்.பி.பி.எஸ். கலந்தாய்விலே இடம் வந்ததும் ஓடிவிடும். சிலது ஓடாது, ஆனால் விடுதி அறையிலே பாடப் புத்தகத்துக்குக் கீழே நீட் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கும். அப்பாவும் அம்மாவும் போனிலே, "இந்த வருஷம் இன்னொரு தடவை எழுதிப் பாரேன்" என்பார்கள். முதல் வருஷம் பாழ். மனசு பாழ். அந்த இடத்துக்காக ஏங்கி, ஒரு மார்க்கிலே வெளியே நின்ற இன்னொரு பிள்ளையின் வாய்ப்பும் பாழ். அந்தப் பிள்ளை ஒருவேளை டார்ச் பிடித்துக்கொண்டு தொழுவத்திலே நின்ற பிள்ளையாக இருந்திருக்கும். 'கிடைக்கலைன்னா இது' என்கிற வார்த்தையை வீட்டிலே நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலே அந்த வார்த்தை பிறக்கிறது. பிள்ளை அதை அஞ்சரை வருஷம் சுமக்கிறது. பெற்றோரே, விண்ணப்பத்திலே எது முதலில் வரவேண்டும் என்பதை அந்தப் பிள்ளை எழுதட்டும். மாமா எழுதவேண்டாம். பக்கத்து வீட்டு அத்தை நிச்சயமாக எழுதவேண்டாம். (கைதட்டல்)

பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று தாய்மார்கள் சிலர் யோசிப்பீர்கள். அயர்லாந்திலே ஏலீன் கஸ்ட் என்று ஒரு அம்மா. 1900-இலேயே படிப்பை முடித்துவிட்டார். பெண் என்பதால் பதிவு கொடுக்கமாட்டோம் என்றார்கள். அந்த அம்மா அதற்காக வீட்டிலே உட்காரவில்லை. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டேயிருந்தார். 1922-இலே கொடுத்தார்கள். 22 வருஷம்! இங்கே நம் பெண்கள் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. மாட்டோடு பழகுவது பெண்ணுக்குப் புதுசா? இந்த ஊரிலே பால் கறக்கிறது யார், தவிடு வைக்கிறது யார், மாடு தின்னலை என்றால் முதலில் கண்டுபிடிக்கிறது யார்? ஆம்பளைங்க சந்தையிலே விலை பேசுவார்கள், அவ்வளவுதான். (சிரிப்பு)

கல்யாணப் பேச்சைப் பற்றியும் ஒருவர் கேட்டார். "டாக்டர் பொண்ணுன்னு சொன்னா சம்பந்தி வீட்டுக்காரங்க எழுந்து நிப்பாங்க. மாட்டு டாக்டர்னா உக்காந்துக்கிட்டே இருப்பாங்க" என்றார். இருக்கட்டுமே! மருமகள் முதல் முதலாக வீட்டுக்கு வருகிறாள். மாமியார் என்ன நினைக்கிறார் என்று வாய்திறந்து சொல்லமாட்டார். வாய் திறக்காத ஜீவனுடைய மனசைக் கண்டுபிடிக்க அஞ்சரை வருஷம் பயிற்சி எடுத்தவள்தானே அவள்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். தொடவேண்டாம் ஐயா, நானே உட்காருகிறேன். முன்வரிசைத் தாய்மார்கள் இரண்டு பேர் மெல்ல எழுந்து போகிறார்கள். என் பேச்சு பிடிக்காமல் இல்லை. சாயங்காலம் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோகிற நேரம் இது. மாடு நடுவர் தீர்ப்புக்காகக் காத்திருக்காது. போயிட்டு வாங்கம்மா.